அழிக்கச் சொன்ன பக்கம்: பக்ஸ் கவுண்டி ஜெயில் பதிவேட்டின் கதை

1998 செப்டம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பென்சேலம் என்ற ஊரில் ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. தொந்தரவு கொடுத்தார், ஒழுங்கீனமாக நடந்துகொண்டார், கைதை எதிர்த்தார் என்று சில்லறைப் பிரிவுகள். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலுக்குக் கொண்டுபோய், கைரேகை எடுத்து, போட்டோ பிடித்து, மறுநாள் விட்டுவிட்டார்கள். முதல்முறை சிக்குபவர்களுக்கென்று அந்த மாநிலத்தில் ஒரு திட்டம் உண்டு. நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் தண்டனை கிடையாது. அவர் முடித்தார். 2000 ஜனவரியில், இந்தக் கைது தொடர்பான பதிவுகளை அழித்துவிடும்படி நீதிபதி உத்தரவும் போட்டார். அத்துடன் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2011இல் அவருடைய முகம் இணையத்தில் கிடந்தது. கைதானபோது எடுத்த போட்டோ, அதோடு அந்தக் கைதின் விவரங்களும். போட்டிருந்தது, கைதானவர்களின் படங்களை வைத்துப் பிழைப்பு நடத்தும் ஒரு தனியார் தளம். அவர்கள் எதையும் திருடவில்லை. கவுண்டியே வாசலைத் திறந்துவைத்திருந்த ஒரு பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கம்தான் இந்தக் கதையின் மையம். பிலடெல்ஃபியாவுக்கு வடக்கே இருக்கிறது பக்ஸ் கவுண்டி. 1776 கிறிஸ்துமஸ் இரவில் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்தது இங்கிருந்துதான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் ஆறரை லட்சம். 2008இல் இந்தக் கவுண்டி, ஜெயிலில் இருப்பவர்களைப் பெயர் போட்டுத் தேடும் வசதியை இணையத்தில் வைத்தது. பெயரைத் தட்டினால் போட்டோ, பிறந்த தேதி, உயரம், எடை, முடியின் நிறம், கண்ணின் நிறம், எந்த நாட்டுக் குடிமகன், எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், என்ன குற்றச்சாட்டு, எல்லாம் வரும். அன்றைக்கு உள்ளே இருப்பவர்களோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. 1938ஆம் ஆண்டிலிருந்து அந்த ஜெயில் கணக்கில் ஏறிய அத்தனை பேரையும், சுமார் 67,000 பேரை, ஒரே மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். அழிக்கச் சொன்னவரின் பக்கமும் அந்த மூட்டையில்தான் இருந்தது.

(வழக்குப் போட்டவரின் பெயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. இங்கே வேண்டாம். பெயர் திரும்பத் திரும்ப வெளிவந்ததுதான் அவருடைய குறையே.)

அது என்ன பதிவேடு?

அமெரிக்காவில் ஜெயில் வேறு, பிரிசன் வேறு. நம்மூர் கிளைச் சிறைக்கும் மத்தியச் சிறைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜெயிலை பெரும்பாலும் கவுண்டி நடத்தும். பொறுப்பு பல இடங்களில் தேர்தலில் நின்று ஜெயித்த ஷெரிஃபிடம், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவரிடம், இருக்கும். கைதானவர், ஜாமீனுக்குக் காத்திருப்பவர், சில மாதத் தண்டனை பெற்றவர், எல்லோரும் இங்கேதான். பிரிசன் என்பது மாநில அரசோ மத்திய அரசோ நடத்துவது. தண்டனை பெற்றவர்கள் போகும் இடம். ஓர் ஆண்டில் அமெரிக்க ஜெயில்களுக்குள் ஆட்கள் நுழைவது 70 லட்சம் முறைக்கும் மேல். ஒரே ஆள் மூன்று முறை போனால் மூன்று என்று கணக்கு.

அப்படி ஒருவர் உள்ளே நுழையும்போது எழுதுவதுதான் புக்கிங் பதிவு. லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தார், எப்போது காலி செய்தார். குற்றச்சாட்டு என்ற கட்டத்தில் இருப்பது, பிடித்துவந்த போலீஸ்காரர் எழுதிய பிரிவு. அரசு வக்கீல் அதை இன்னும் பார்த்திருக்கக்கூட மாட்டார். பார்த்த பிறகு பிரிவை மாற்றலாம், குறைக்கலாம், வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாம். அதெல்லாம் நீதிமன்ற கிளார்க் அலுவலகத்து ஏட்டில் ஏறும். ஜெயில் நோட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆள் வெளியே போய்விட்டால் ஜெயிலைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது.

இதை ஏன் ஊரறியத் திறந்துவைக்கிறார்கள்? காரணம் வலுவானது. யாரைப் பிடித்து எங்கே வைத்திருக்கிறோம் என்று போலீஸ் சொல்லத் தேவையில்லாத ஊரில் ஆட்கள் காணாமல் போவார்கள். சிகாகோவில் ஹோமன் ஸ்கொயர் என்ற போலீஸ் கட்டடத்தில் வைக்கப்பட்டவர்களை அவர்களுடைய வக்கீல்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2015இல் தி கார்டியன் நாளிதழ் தொடர்ந்து எழுதியது. கலிஃபோர்னியா சட்டம் இதை விலாவாரியாகவே சொல்கிறது: கைதானவரின் பெயர், தொழில், அங்க அடையாளம், கைதான நேரம், இடம், புக்கிங் ஆன நேரம், ஜாமீன் தொகை, எங்கே வைக்கப்பட்டிருக்கிறார், என்னென்ன குற்றச்சாட்டு, இவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு காரணத்துக்கு ஒரு பெண்ணின் பெயரே இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் மேரி பைரன் என்பவர் 1993 டிசம்பர் 6 அன்று, தன் 21ஆவது பிறந்தநாளில், முன்னாள் காதலனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொடுத்த புகாரில்தான் அந்த ஆள் ஜெயிலில் இருந்தான். யாரோ ஜாமீன் கட்டினார்கள், வெளியே வந்தான். அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதற்குப் பிறகு 1994இல் அந்த ஊர் கவுண்டி, கைதி வெளியே போனால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாக போன் போகும்படி ஓர் ஏற்பாடு செய்தது. வைன் என்று அதற்குப் பெயர். இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. வைன்லிங்க் தளத்தில் பெயர் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஜெயில் கணக்கு அந்தந்த நிமிடத்தில் வெளியே தெரிந்தால் அது ஓர் உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தந்த நிமிடத்தில் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பக்ஸ் கவுண்டி கோட்டைவிட்டது அதைத்தான்.

தேடும்போது

ராத்திரி பதினொரு மணிக்கு நண்பனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி எந்தக் கவுண்டி என்பது. குடியிருக்கும் கவுண்டி முக்கியமில்லை, பிடிபட்ட இடம்தான் கணக்கு. நம் ஆட்கள் நிறையப் பேர் வசிக்கும் டெக்சஸின் ஃபிரிஸ்கோ நகரத்தையே பாருங்கள். பாதி காலின் கவுண்டியில், பாதி டென்டன் கவுண்டியில். டாலஸ் நகரம் ஐந்து கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது. ஒரு சாலையைக் கடந்தால் ஜெயிலே மாறிவிடும். அதற்கும் முன்னால் நகர போலீஸின் சொந்த லாக்கப்பில் சில மணி நேரம் உட்கார வைத்திருக்கலாம்; அப்போது கவுண்டி பட்டியலில் பெயரே இருக்காது. இல்லை என்று வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், அல்லது ஜெயிலுக்கே போன் போடுங்கள். லூசியானாவில் கவுண்டி என்று தேடினால் கிடைக்காது, அங்கே பாரிஷ். கனெடிகட், ரோட் ஐலண்ட், டெலவேர், வெர்மான்ட், அலாஸ்கா, ஹவாய் ஆகிய ஆறு மாநிலங்களில் ஜெயிலையும் மாநில அரசே நடத்துவதால் மாநிலத் தளத்தில்தான் தேட வேண்டும். குடிவரவுத் துறை (ஐஸ்) பிடித்திருந்தால் அதற்கென்று தனித் தேடல் இருக்கிறது. பிறந்த நாடு எது என்று அது கேட்கும்.

அடுத்த தொல்லை நம் பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்தைப் போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பிடிக்கும் போலீஸ்காரர் கையில் கிடைத்த அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே ஏற்றுவார். செந்தில்குமார் என்பவர் ஓரிடத்தில் கடைசிப் பெயர் செந்தில்குமார், முதல் பெயர் எஃப்என்யூ. இன்னோரிடத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். ஆகவே ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முழுப் பெயரையும் தட்ட வேண்டாம், முதல் நான்கைந்து எழுத்தே போதும். பல தளங்கள் அதற்கே விடை தரும். பெயர் பொருந்திவிட்டது என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. அதே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பிறந்த தேதியோ வயதோ ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் புக்கிங் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வக்கீல், ஜாமீன் ஏஜென்ட், ஜெயில் குமாஸ்தா, எல்லோரும் கேட்பது அதைத்தான். ஜாமீன் கட்டத்தில் ஒன்றும் இல்லை என்றால் பதற வேண்டாம், நீதிபதி முன்னால் இன்னும் நிறுத்தவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். வாரண்ட் இல்லாமல் கைதானவரை வைத்திருக்கக் காரணம் இருக்கிறதா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி பார்த்தாக வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் 2023 செப்டம்பரிலிருந்து பண ஜாமீனே கிடையாது. இன்னொன்று: இந்தப் பட்டியலை மோசடிக்காரர்களும் படிக்கிறார்கள். உங்கள் பையன் உள்ளே இருக்கிறான், இந்த ஆப்பில் பணம் அனுப்பினால் இப்பவே விட்டுவிடுவோம் என்று போன் வரும். பையன் பெயர், புக்கிங் எண், குற்றச்சாட்டு எல்லாம் சரியாகச் சொல்வான். சரியாகத்தான் சொல்வான், உங்களைப் போலவே அவனும் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பழைய கைதைத் தேடுபவர்களுக்கு, அதாவது வாடகைக்கு வருபவரையோ வேலைக்கு வருபவரையோ விசாரிப்பவர்களுக்கு, ஜெயில் பக்கம் தவறான இடம். கோர்ட் ஏட்டுக்குப் போங்கள். பென்சில்வேனியாவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே கோர்ட் தளம் இருக்கிறது, வழக்கின் கதையைக் காசில்லாமல் பார்க்கலாம். வழக்கு தள்ளுபடி ஆனதா, விடுதலையா, தண்டனையா என்பது அங்கேதான் இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால், நீதிபதி மூடிவைக்கச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணமும் ஓரமாக இருக்கட்டும்.

வழக்கு

2012 டிசம்பரில் அவர் பிலடெல்ஃபியாவின் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அரசியல் சாசனத்தைப் பிடித்து வாதாடியிருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் 1976இலேயே கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. அதுவும் லூயிவில் கதைதான். 1972 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த ஊர் போலீஸ், கடைத் திருடர்கள் உஷார் என்று போட்டோக்களோடு ஒரு நோட்டீஸ் அடித்துச் சுமார் 800 கடைகளுக்குக் கொடுத்தது. அதில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் முகமும் இருந்தது. அவர் மேல் வழக்கு இருந்தது, தீர்ப்பு வரவில்லை. நோட்டீஸ் போன கொஞ்ச நாளில் வழக்கும் தள்ளுபடியானது. நற்பெயர் கெட்டது மட்டுமே அரசியல் சாசன உரிமை பறிபோனதாகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது.

ஆகவே பக்ஸ் கவுண்டி வழக்கு மாநிலச் சட்டத்தில் நின்றது. குற்ற வரலாற்றுப் பதிவுகளை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் உண்டு. அதைப் படித்தால் எழுதியவர்கள் எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார்கள் என்று புரியும். போலீஸ் ஸ்டேஷனின் அன்றாடக் குறிப்பேடு, பத்திரிகைக் குறிப்பு போன்றவை சம்பவம் நடந்த சமயத்தில் வெளியிடப்பட்டால் தடையில்லை. கோர்ட் ஏட்டுக்கும் தடையில்லை. ஆனால் ஒருவருடைய கைது விவரங்களைத் தொகுத்து வெளியாருக்குக் கொடுக்கும் வேலை மாநில, உள்ளூர் போலீஸ் துறைக்கு மட்டும்தான், அதுவும் சட்டம் போட்ட வரம்புக்குள். ஜெயில் அந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றே மீறினால் 1,000 முதல் 10,000 டாலர் வரை தண்டனை நஷ்டஈடு.

2016இல் நீதிபதி வென்டி பீட்டில்ஸ்டோன், கவுண்டி சட்டத்தை மீறியது உண்மைதான் என்று தீர்மானித்தார். பட்டியலில் இருந்த எல்லோர் சார்பிலும் கூட்டு வழக்காக நடத்தவும் அனுமதித்தார். கவுண்டி மேல்முறையீட்டுக்குப் போனது. 2017இல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூட்டு வழக்காக நடத்துவது சரி என்றது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி: வேண்டுமென்றே செய்தார்களா? சதி செய்தார்களா என்று இதற்குப் பொருளில்லை. மற்றவர் உரிமையைப் பற்றிக் கண்டுகொள்ளாமல் அலட்சியமாக இருந்தாலே போதும். 2019 மே மாதம் ஜூரி, ஆமாம் என்றது. தலைக்கு 1,000 டாலர். 67,000 பேருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 6 கோடியே 70 லட்சம் டாலர்.

அடுத்த மாதமே பென்சில்வேனியாவில் இன்னொன்றும் நடந்தது. தள்ளுபடியான வழக்குகளையும் பழைய சிறு குற்றங்களையும் கணினியே தேடித் தானாக மூடிவைக்கும் சட்டம் 2018இல் நிறைவேறியிருந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். அந்த வேலை 2019 ஜூனில் ஆரம்பமானது. ஒரு கையால் அழித்ததை இன்னொரு கை இணையத்தில் போட்டுக்கொண்டிருந்த மாநிலம் அது.

என் கருத்து இதுதான். கவுண்டி செய்த தவறைத் திறந்துவைத்த தவறு என்று சொல்வது பாதிதான் சரி. இன்று உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் பக்கம் இருக்கத்தான் வேண்டும், இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்ய வேண்டும். ஆனால் 1938இல் ஜெயிலுக்குப் போனவரை 2008இல் யார் தேடப்போகிறார்கள்? அவருடைய அம்மா தேடப்போவதில்லை. ஜாமீன் கட்டுபவரும் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த ஆள் வெளியே வந்துவிட்டானா என்ற கவலையும் இல்லை. அப்படிப்பட்ட தேடலில் மிஞ்சுவது பக்கத்து வீட்டு வம்பும், வேலை கொடுக்க யோசிக்கும் முதலாளியும், காசு பண்ணும் தளமும்தான். கணினியில் இருந்ததையெல்லாம் அப்படியே வெளியே விட்டது வேலை எளிது என்பதால் இருக்கலாம். நாள் பார்த்து வடிகட்ட ஒரு சின்ன நிபந்தனை எழுதியிருந்தால் போதும்.

காசு பண்ணும் தளங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில் எளிமையானது: படத்தைப் போடு, எடுக்கச் சொல்லி வந்தால் பணம் கேள். 2013 அக்டோபரில் இதைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியபோது, தேடலில் இந்தத் தளங்கள் பின்னுக்குப் போகும்படி கூகுள் மாற்றம் செய்தது. மாஸ்டர்கார்டு, பேபால் போன்றவை பணம் வாங்கும் வழியை அடைத்தன. 2018இல் கலிஃபோர்னியா அரசு, மக்‌ஷாட்ஸ் டாட் காம் தளத்தை நடத்தியதாக நான்கு பேர் மேல் மிரட்டிப் பணம் பறித்த வழக்குப் போட்டது. மூன்று ஆண்டுகளில் நாடு முழுதும் 5,700க்கும் மேற்பட்டவர்களிடம் 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. முறையான பின்னணி விசாரணை நிறுவனம் என்றால், தண்டனையில் முடியாத ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட கைதைப் பொதுவாக அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சம்பளம் அதிகமான வேலைகளுக்கு விலக்கு உண்டு. இந்தத் தளங்களோ பக்கத்தின் அடியில், வேலைக்கோ வாடகைக்கோ இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டு நழுவிக்கொள்ளும்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு தனியாக ஓடுகிறது. ஜெயிலில் எடுத்த கைரேகை எஃப்பிஐ வரை போகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவைத் தூதரகம் ரத்து செய்ய முடியும். குடியுரிமை விண்ணப்பத்தில், அழிக்கப்பட்ட கைதாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மாநில நீதிபதி அழிக்கச் சொல்லிவிட்டார், அதனால் இல்லை என்று டிக் அடித்துவிட்டேன் என்பவர்களுக்குக் கைதைவிட அந்த டிக் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். ஆகவே உத்தரவின் நகலை யாரும் தொலைத்துவிடக் கூடாது. மற்றவர்கள் அழிக்க வேண்டிய பதிவை நீங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது வேடிக்கைதான்.

ஜெயில்கள் இதில் பாடம் கற்றனவா என்று பார்த்தால், இடத்துக்கு இடம் வேறு. ஜார்ஜியா 2014இலேயே கைதுப் படங்களைப் போலீஸ் தளத்தில் போடக் கூடாது என்றது. கலிஃபோர்னியாவில் வன்முறை இல்லாத குற்றத்துக்குக் கைதானவரின் படத்தைப் போலீஸ் சமூக ஊடகத்தில் போட 2022இலிருந்து தடை இருக்கிறது. ஃபுளோரிடாவில் பல ஷெரிஃப் பக்கங்களில் இன்றும் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அங்கே பொதுப் பதிவுச் சட்டம் அவ்வளவு தாராளம்.

அரிசோனாவின் மாரிகோபா கவுண்டி இதில் பழம் தின்று கொட்டை போட்டது. 2000இல் ஷெரிஃப் ஜோ ஆர்பாயோ, விசாரணைக் கைதிகளை உலகமே பார்க்கட்டும் என்று ஜெயிலுக்குள் வெப்கேமராவே வைத்தார். 2004இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அது தண்டனைக்குச் சமம், தீர்ப்பு வராதவரைத் தண்டிக்க முடியாது என்றது. அவர் பதவியை விட்டுப் போன பிறகும் ஷெரிஃப் தளத்தில் கைதுப் படங்களுக்கென்று ஒரு பக்கம் தொடர்ந்தது. 2022இல் கைதான ஒருவருடைய படம், முழுப் பெயர், பிறந்த தேதி, குற்ற வகை எல்லாம் அதில் ஏறின. வழக்கு தள்ளுபடியானது. அவர் கவுண்டி மேல் போட்ட வழக்கைக் கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024இல் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம், வெளிப்படைத்தன்மை என்று சொன்னால் மட்டும் போதாது, இது தண்டனையாக இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லி வழக்கை மேலே நடத்தத் திருப்பி அனுப்பியது.

பக்ஸ் கவுண்டி மாதிரி எழுபது வருடத்து மூட்டையெல்லாம் மாரிகோபாவில் இல்லை. அவருடைய படத்தைச் சுமார் மூன்று நாளில் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் மக்‌ஷாட்ஸ் டாட் காம் நகல் எடுத்திருந்தது.